ஒன்றும் கெட்டுப்போகாது என்றவள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் மகன் விட்டுப்போன பெண் குழந்தை. இரண்டு வயதில் என் கைக்கு வந்தவள், இப்போது பத்தாவது முடித்துவிட்டாள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருபது பெண்களை நடவுக்கு இறக்கி வேலை வாங்கியிருக்கிறேன். அத்தனையும் வாய்ச்சொல்லில் நடந்தது. எழுத்து எனக்கு வேண்டியிருக்கவில்லை. அறுபத்தொன்பதாவது வயதில் என்னை எழுத வைத்தவள் ஒருத்தி. என் மகனின் குரலை இல்லாமல் ஆக்கியவளும் அவள்தான். அவளைப் பற்றித்தான் இது. பெயர் போடப்போவதில்லை. அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று இருக்கிறது.

எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் வேலை பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் திருவாரூரிலிருந்து இரண்டு பஸ் மாறி பாபநாசத்தில் வந்து இறங்குவாள். மகளிர் குழுக் கட்டடத்தில் பாய் விரித்து, ‘இனி இது தேறாது, தூக்கிப் போடுங்க’ என்று கடைக்காரர்கள் கைவிட்ட கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவற்றுக்குள் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கிற, பழைய மெஷினிலும் ஓடுகிற லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொடுப்பாள். போட்டுக் கொடுப்பாள் என்பது தவறு. நம்மையே போட வைப்பாள். நம் விசைப்பலகையில் அவள் விரல் படாது. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், அந்தக் கட்டடத்து வாசலில் குனிந்துதான் நுழைவாள். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். கீழ் அடுக்குகளில் தயிர் சாதமும் உருளைக்கிழங்கும். மேல் அடுக்கில் பென் டிரைவ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருப்பாள். பச்சை நூல் கட்டியது மிகப் பழைய மெஷினுக்கு, மஞ்சள் நூல் கொஞ்சம் புதிதுக்கு, சிவப்பு நூல் உள்ளே இருப்பதைக் காப்பி, அதாவது நகல், எடுத்து வைக்க. எங்களில் பாதிப் பேருக்கு எழுத்தைவிட நிறம் சுலபம் என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சில வாரம் பென் டிரைவில் எலுமிச்சை ஊறுகாய் வாசனை அடிக்கும்.

முதல் சனிக்கிழமை நான் சும்மா பார்க்கத்தான் போனேன். மௌஸைக் கையில் கொடுத்துவிட்டாள். அது என் பிடியில் நிற்காமல் ஓடியது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி பல்லைக் காட்டினாள்.

“ஏக்கா, களை புடுங்குற மாதிரி அதைப் போட்டு இழுக்கிறே. செத்துடப் போவுது!”

“நீ முதல்ல உன் ஊசியில நூலைக் கோத்துக் காட்டுடி. அப்புறம் என் கையைப் பேசு.”

டீச்சர் சிரிக்கவில்லை. “ரெண்டு பேரும் அழுத்துங்க. எதை வேணா அழுத்துங்க. ஒண்ணும் கெட்டுப்போகாது” என்றாள்.

அதுதான் அவள் சொல். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவாள். சொல்லும்போது குரலை இறக்கிக்கொள்வாள், காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் பேசுவதுபோல. நாங்கள் எல்லோரும் ‘தொடாதே, கெட்டுப்போயிடும்’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள். வீட்டுக்கு டிவி வந்தபோது சொன்னார்கள், போன் வந்தபோது சொன்னார்கள். எதை வேண்டுமானாலும் அழுத்து என்று எங்களிடம் ஒருத்தி சொன்னதே புதிது.

தையல்காரியின் மெஷினில் ஒருநாள் திரை கறுத்து, வெள்ளை எழுத்து மளமளவென்று ஓட ஆரம்பித்தது. அவள் ஐயோ என்று கத்தி, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டாள். டீச்சர் போய் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“பயந்துட்டீங்களா? அது கோவத்துல கத்தலைக்கா. எழுந்திரிக்கறப்போ தனக்குத்தானே பேசிக்குது. நீங்க காலையில எழுந்து மொணமொணன்னு பேசிக்கிட்டே வாசல் தெளிக்கறதில்லை?”

“நான் மொணமொணக்கறது உங்களுக்கு யார் சொன்னா?”

“உங்க வீட்டுக்காரர்தான். போன வாரம் டீக்கடையில.”

அவருக்கு டீச்சரைத் தெரியவே தெரியாது. கட்டடமே சிரித்தது. தையல்காரி வயரைத் திரும்பச் சொருகினாள். பயந்தவர்களைத் திரும்ப உட்கார வைக்க அவளுக்கு இப்படி ஒரு பொய் எப்போதும் கைவசம் இருக்கும். சின்னப் பொய், யாருக்கும் வலிக்காத பொய் என்று நினைத்தோம்.

இன்னொன்றும் இருந்தது. அப்போது அதை நான் குறையாக எண்ணவில்லை. கெட்ட சேதி சொல்ல அவளுக்கு வாய் வராது. நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி லேப்டாப் கொண்டு வந்திருந்தாள். லினக்ஸ் போட்டபின் அதில் வைஃபை பிடிக்கவில்லை. “வந்துடும்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றாள் டீச்சர். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மூன்று வாரம் போயிற்று. நாலாவது வாரம் அந்தப் பெண் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“டீச்சர், இந்த மாடலுக்கு அது வேலையே செய்யாதாமே. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்டா.”

“முதல் நாளே சொல்லியிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேன்ல?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரம் பக்கத்தில் சொருகிக்கொள்கிற குட்டி வைஃபை சாமான் ஒன்றைத் தன் செலவில் வாங்கிவந்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். “பார்த்தியா, எப்பேர்ப்பட்ட மனசு!” என்று நாங்கள் எல்லோரும் புகழ்ந்தோம். எல்லோரையும்விட உரக்கப் புகழ்ந்தது நான்.

இனி என் மகனின் கம்ப்யூட்டர்.

அவன் கதிர் அறுக்கிற மெஷின் ஓட்டினான். சிறுநீரகம் கெட்டு வீட்டோடு கிடந்த கடைசி மாதங்களில், காதில் மைக் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தினமும் கொஞ்சம் பேசுவான். எல்லாம் அவன் குழந்தைக்கு. இருபத்தாறு நாள் பேசியிருந்தான். “இப்பப் போட்டுக் காட்டாதம்மா. விவரம் தெரிஞ்சப்புறம் கேக்கட்டும்” என்றான். பத்தாவது முடித்ததும் காட்டுகிறேன் என்று நான் சொன்னேன். அவன் போன ஒரு வருஷத்தில் மருமகள் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சின்னப் பெண். குழந்தையும் கம்ப்யூட்டரும் என்னிடம் நின்றன. அப்பா பேசி வைத்தது அதில் இருக்கிறது என்று மட்டும் அவளுக்குச் சொல்லி வளர்த்தேன்.

பேசியதையெல்லாம் அவன் டி டிரைவில் வைத்திருந்தான். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். கம்ப்யூட்டரை மாட்டிச் சேர்த்துக் கொடுக்கிற கடைக்காரர் உள்ளே இருக்கிற இடத்தை சி என்றும் டி என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டுச் சொல்லுவார்: “சி-யில மெஷின் ஓடும், டி-யில உங்க சாமான் இருக்கும். சி-யை நூறு தடவை துடைச்சுப் போட்டாலும் டி-க்கு ஒண்ணும் ஆகாது.” கல்யாண போட்டோ, பட்டா நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட், எல்லாம் டி-யில்தான். எனக்கு அது நன்றாக விளங்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல், நடுவில் வரப்பு.

என் பேத்தி பாப்பா எட்டாவது படிக்கும்போது அந்த மெஷின் திறக்காமல் போயிற்று. துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்து டீச்சரிடம் கொண்டுபோனேன். பச்சை நூலைச் சொருகினாள். “இன்னும் எதையும் போடலைம்மா. வெளியில நின்னு உள்ளே எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்” என்றாள். டி திறந்தது. பாப்பாவின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது.

“இது என்னம்மா?”

சொன்னேன். முதலில் இருந்ததை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.

“பாப்பா, அப்பா பேசுறேன். இப்ப வெளியில மழை. உங்க அப்பாயி காயப்போட்ட நெல்லை வாரிக்கிட்டே என்னைத் திட்டுது, கேக்குதா? வந்து சாக்கைப் புடிக்கலையாம். நான் உன்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்னு அதுக்குத் தெரியாது.”

அவன் குரலுக்குப் பின்னால் என் குரல் கேட்டது. கத்திக்கொண்டிருந்தேன். அவனால் எழுந்து நடக்க முடியாது என்பதைக்கூட மறந்து கத்தியிருக்கிறேன்.  தையல்காரி மூக்கைச் சிந்தினாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் போடட்டுமா என்றாள். வேண்டாம், மீதி அவளுக்கு என்று சொல்லிவிட்டேன். கேட்டிருக்கலாம். இருபத்தாறையும் அன்றைக்கே உட்கார்ந்து கேட்டிருக்கலாம். பிள்ளைக்கு வைத்ததை நாம் முதலில் தொடக்கூடாது என்கிற வீம்பு.

அடுத்த சனிக்கிழமை லினக்ஸ் போடுகிற நாள். பதினொரு பேர் காத்திருந்தார்கள். என் மெஷினில் சிவப்பு நூலைச் சொருகினாள். காப்பி ஆகிறது என்று திரையில் ஒரு கோடு நீளத் தொடங்கியது. அந்த மூலையிலிருந்து ஒருத்தி டீச்சர் என்று கூப்பிட்டாள், இவள் எழுந்து போனாள். திரும்பி வந்ததும் நூலைப் பிடித்து உருவிக் கேரியரில் போட்டுக்கொண்டாள்.

“எடுத்தாச்சா டீச்சர்?”

“எடுத்தாச்சும்மா.”

பிறகு ஒவ்வொரு பக்கமாக வந்தது. எந்த மொழி, எந்த ஊர் நேரம் என்று கேட்டது. எல்லாவற்றையும் நானே அழுத்தினேன். ஒரு பக்கத்தில் நான்கு வரி இருந்தது. முதல் வரியைக் காட்டினாள். எனக்கு ஏனோ கை நின்றது.

“டி-யில இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஒண்ணும் கெட்டுப்போகாது. அழுத்துங்கம்மா.”

அழுத்தினேன். வரப்பை வெட்டிச் சாய்த்து, இரண்டையும் ஒரே வயலாக்கி உழுகிற வரி அது. எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் மெஷின் புது மணப்பெண் மாதிரி இருந்தது. விசைகளின் மேல் தமிழ் எழுத்து எழுதிய சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை ஒட்டிக் கொடுத்தாள். திரையில் எழுத்துகளைப் பெரிதாக்க வைத்தாள். நான் ஒற்றை விரலால் என் பெயரை அடித்தேன். பிறகு என் மகன் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் தினமும் எழுதினேன். எத்தனை வயலுக்கு எத்தனை ஆள் இறக்கினேன், யார் யார் எப்படிப் பாடுவார்கள், யார் வேலைக்கு டிமிக்கி கொடுப்பார்கள் என்று எழுதினேன். சனிக்கிழமை அதை டீச்சருக்குக் காட்டுவேன். வரி வரியாகப் படித்துவிட்டு, “இன்னும் எழுதுங்கம்மா” என்பாள்.

எடுத்து வைத்த காப்பியைக் கேட்டேன். “வீட்டுல பெரிய டிஸ்க்ல பத்திரமா இருக்கு. நல்ல பென் டிரைவா பார்த்துப் போட்டுத் தர்றேன்” என்றாள். அடுத்த வாரமும் கேட்டேன். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். அது வரவில்லை, வேறு என்னென்னவோ வந்தது. அம்மன் பாட்டு கொண்டு வந்தாள். பழைய நகைச்சுவைக் காட்சிகள், பாப்பாவுக்குக் கணக்குப் பாட வீடியோக்கள், நான் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன நாடகம், எல்லாவற்றையும் கொண்டு வந்து என் மெஷினில் ஏற்றினாள்.

“எதுக்கு டீச்சர் இவ்வளவு?”

“இருக்கட்டும்மா. எடம்தான் நெறைய இருக்கே.”

பெற்ற பெண்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று தையல்காரியிடம் சொன்னேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. பிறகு மூன்று சனிக்கிழமை சேர்ந்தாற்போல் அவள் வரவில்லை. நர்சிங் பெண்ணிடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, கும்பகோணம் போய் பஸ் மாறித் திருவாரூரில் இறங்கினேன். கதவைத் திறந்ததும் அவள் முகம் போன போக்கில் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“வாங்கம்மா, உட்காருங்க. காபி போடுறேன்.”

“காபி வேணாம். எம்புள்ளை பேசினதைக் கொடுங்க, வாங்கிக்கிட்டுப் போறேன்.”

“அம்மா…”

“இருக்கா இல்லையா?”

“இல்லைம்மா.”

“எப்பலேர்ந்து இல்லை?”

சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். “அன்னிக்குப் பென் டிரைவ்ல எடம் பத்தாம காப்பி ஆரம்பத்துலேயே நின்னுபோச்சு. நான் பார்க்கலை. முடிஞ்சுதுன்னு நெனச்சு உருவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தா ஃபோல்டர் பேரு மட்டும்தான் இருக்கு.”

“டி-யைப் பத்தி நான் வாய்விட்டுக் கேட்டேனே?”

“காப்பிதான் கையில இருக்கேன்னு நெனச்சேன். உங்களை எதுக்குப் பயமுறுத்தணும்னு…”

“அன்னிக்கு சாயங்காலமே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

“மறுநாள் வந்து சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

 ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் சொல்லித் தப்பித்திருக்கலாம், நான் நம்பியிருப்பேன். அன்றைக்கு மட்டும் உண்மை பேசினாள்.

“மெஷினை அப்படியே நிறுத்தி வெச்சிருந்தா தோண்டி எடுத்திருக்கலாம்மா. பாதிக்கு மேல கெடைச்சிருக்கும். துடைச்சாலும் அடியில கெடக்கும். மேல வேற எதையாவது எழுத எழுதத்தான் அது போயிடும்.”

“நான் தினம் எழுதினேனே.”

“நீங்க எழுதினது கொஞ்சம்தாம்மா. அது எடமே அடைக்காது. நான் ஏத்தின பாட்டும் வீடியோவும்தான்…”

 “தெரிஞ்சேதான் ஏத்தினியா?”

“ஒவ்வொரு வாரமும் நீங்க கேக்கறப்போ வெறுங்கையோட நிக்க முடியலைம்மா. எதையாவது கொடுத்து உங்க முகத்தைச் சிரிக்க வைக்கணும்னு இருந்துச்சு. கொடுக்கறப்போ அது தெரியும். தெரிஞ்சும் கொடுத்தேன்.”

நான் வாயைக் கட்டாத பொம்பளை. நடவில் என் ஏச்சுக்குப் பயந்து கௌரவமான வீட்டுப் பெண்களே ஒதுங்கிப் போவார்கள். அன்றைக்கு ஒரு சொல்தான் வந்தது.

“என்னை ஒருநாள் அழவிட்டிருந்தா எம்புள்ளை பொழைச்சிருப்பான்டி.”

எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிற்கிற இடம்வரை தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தாள். வெயில் அப்படி இருந்தது. நான் வாங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பாபநாசம் பக்கம் வரவே இல்லை.

இப்போது அந்தக் கட்டடத்தில் சனிக்கிழமை தையல்காரிதான் சொல்லிக் கொடுக்கிறாள். நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறாள். யாராவது ‘காப்பி எடுத்தாச்சு’ என்றால் மட்டும் நான் இருந்த இடத்திலிருந்து, “தெறந்து பார்த்தியா? காதால கேட்டியா?” என்று கத்துவேன். கிழவிக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். நடந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண்ணின் பேச்சை நம்பி மகனைத் தொலைத்தேன் என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

கோபம் ஆறியதா என்று கேட்டால் ஆறவில்லை. திருடியிருந்தால், ஏமாற்றிப் பிழைக்கிறவளாக இருந்திருந்தால், மண்ணை வாரித் தூற்றிவிட்டு மறந்திருப்பேன். அவள் என்மேல் பிரியமாக இருந்தாள். பிரியத்தால் என்னை ஏய்த்தாள். இந்த மெஷினைக் கண்காணாமல் மூடி வைத்துவிடலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். முடியவில்லை. எழுதுகிற ருசி விரலுக்கு வந்துவிட்டது. அதையும் அவள்தான் கொடுத்தாள் என்பது எனக்குச் சகிக்கவில்லை.

ஆனால் இதையும் எழுதியாக வேண்டும். அன்றைக்குத் திருவாரூரிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பாப்பா வாசலில் நின்றாள்.

“எங்க போனே அப்பாயி?”

“டீச்சர் வீட்டுக்கு.”

“அப்பா பேசினதைக் கொடுத்துட்டாங்களா?”

முகத்தை நிமிர்த்தி ஆவலாகக் கேட்டாள். எட்டாவது படிக்கிற குழந்தை. “பத்திரமா இருக்கு, நீ பத்தாவது முடி” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மூன்று வருஷம் அதையே சொன்னேன். நானும் டீச்சரும் ஒன்றுதான்.

இந்த வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். மிட்டாய் கொடுத்த கையோடு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, “இப்பப் போடு அப்பாயி” என்றாள். “பொறு, ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன், முடிச்சிட்டுப் போடுறேன்” என்றேன். இரண்டு மாதமாக எழுதுகிறேன். அவளும் பொறுமையாக இருக்கிறாள். அவன் பேசியதில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதை ஒரு சொல் விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். மற்ற இருபத்தைந்தும் எங்கேயும் இல்லை.

பாப்பா, அந்தத் துணியை அப்புறம் மடிக்கலாம், இங்க வா. எழுதி முடிச்சிட்டேன். முதல் வரியிலேர்ந்து சத்தமா எனக்குப் படிச்சுக் காட்டு. நடுவுல தொண்டை அடைச்சா தண்ணி குடிச்சிட்டுப் படி. கோவம் வந்தா படிச்சு முடிச்சிட்டுக் கோவிச்சுக்க. என் முகத்தைப் பார்த்துட்டுப் பாதியில நிறுத்திடாதே, நான் எழுந்து போக மாட்டேன்.